ஆம்பிளைக் கைக்கு மட்டும் அசைந்த கார்

அத்தியாயம் ஆறு

கார் ஸ்டார்ட் எடுக்கவில்லை என்றால் அது பழுது. ஒரு பெண் ஓட்டுகிற கார் ஸ்டார்ட் எடுக்கவில்லை என்றால், நிந்தவூரிலிருந்து மருதமுனை வரைக்கும் அது செய்தி. அந்தச் செய்தி எங்கள் கராஜுக்கு வந்து சேர முன்னம் ஐந்து தேநீர்க் கடையைத் தாண்டி, கையும் காலும் முளைத்து வந்திருந்தது.

எங்கள் கராஜ் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். போர்டில் இருப்பது முஸ்பிறாவின் பெயர். சாய்ந்தமருது மெயின் ரோட்டில் கார் வயரிங் வேலை செய்கிற பெண் அவள் ஒருத்திதான். இருபத்தாறு ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து கோர்ஸ் முடித்து வந்தவள். மேசன்மாரை, தச்சன்மாரைக் கூப்பிடுவது போல அவளையும் ஊர் ‘பாஸ்’ என்று கூப்பிட்டது. முதலில் நக்கலுக்குக் கூப்பிட்டார்கள். தங்கள் கார் நடுரோட்டில் நின்ற அன்றைக்கு மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

நான் கச்சிமுகம்மது. முப்பத்திரண்டு வருஷம் பஸ் கொண்டக்டர். பென்சன் எடுத்த மறுகிழமையே என் மனிசி, “இந்த வாயோட நீங்க முழு நாளும் வீட்டில இரிந்தா எனக்கு ஏலா” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து முஸ்பிறாவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறேன். வாயை மட்டும் அவளாலும் நிறுத்த முடியவில்லை.

காலை ஒன்பது மணிக்கு ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து வாசலில் நின்றது. ஒழுங்காக வந்தது, ஒழுங்காக நின்றது. இறங்கியவள் றாஹிலா. நிந்தவூர்க்காரி. கணவர் மௌத்தாகி நாலு வருஷம், பிள்ளைகள் இரண்டு. நாலு டீச்சர்மாரைத் தினமும் இறக்காமத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் திரும்ப ஏற்றிவருகிறாள். அந்தக் கார் ஓடினால்தான் அவள் வீடு ஓடும்.

“பாஸ், இது கடைசி நாள்” என்றாள் வந்ததும் வராததுமாக. “இண்டைக்கும் நிண்டா, நாளையிலரிந்து டீச்சர்மார் வேனில போவாங்க. காக்கா சாவிய வாங்கிருவாரு.”

காக்கா என்றது அவளுடைய அண்ணன் ஸஹீத். கலியாண வீடானாலும் மையத்து வீடானாலும் முன்வரிசையில் நிற்கிற மனுஷன். ஆளைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தனக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றுமே இல்லை என்பது மட்டும்தான் அவருடைய வியாதி.

“சாவிய வாங்கி என்ன செய்யப் போறாராம்?” என்றாள் முஸ்பிறா.

“ஆம்பிளை டிரைவர் ஒருத்தரப் போடுவாராம். நான் வீட்டில இரிக்கணுமாம்.”

“செல்ஃப் சுத்துமா?”

“நல்லாச் சுத்தும். என்ஜின்தான் பிடிக்காது.”

“பெட்டரி?”

“புதுசு. ஒரு பாஸ் மாத்தித் தந்தாரு.”

“செல்ஃப் நல்லாச் சுத்துற காருக்குப் பெட்டரி மாத்தினவரு, தலையிடிக்குச் செருப்பு மாத்தச் சொல்லுவாரு” என்றேன் நான்.

றாஹிலா சிரிக்கவில்லை. “அவருக்குப் பிறகு ரெண்டு பேர். ஒருத்தர் பிளக் மாத்தினாரு. மத்தவரு எண்ணெய் பம்ப மாத்தினாரு. கராஜில நிண்டா நூறு தரம் ஸ்டார்ட் எடுக்கும். அங்க போனா நிண்டிரும்.”

காரின் முன்கண்ணாடியோரம் செருகியிருந்த பாடசாலைக் கலண்டரை எடுத்து நீட்டினாள். கார் நின்ற நாட்களில் சிவப்புப் பேனையால் புள்ளடி போட்டிருந்தாள். மூன்று மாதத்தில் பதினொரு புள்ளடி.

“எத்தின மணிக்கு?”

“எல்லாம் மத்தியானம். பள்ளிக்கூடம் விட்டு வரக்குள்ள. காலையில ஒருநாளும் நிண்டதில்ல.”

“அங்க போய் என்னென்ன செய்வீங்க? ஒண்டும் விடாமச் சொல்லுங்க.”

“என்ன செய்யிற... ஒண்டேகாலுக்குப் போவன். மரத்துக்குக் கீழ நிப்பாட்டுவன். டீச்சர்மார்ர அறையில ளுஹர் தொழுவன். மணி அடிச்சா ஓடி வந்து ஸ்டார்ட் பண்ணுவன். அவங்க வெயிலுக்குள்ள நிப்பாங்கதானே.”

“நிண்ட நாளெல்லாம் மறுகா எப்படி ஓடிச்சி?”

றாஹிலாவின் முகம் மாறியது. அந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டு வந்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

“ஆம்பிளை ஒருத்தர் வந்து சாவியத் திருப்புவாரு. உடனே பிடிக்கும். முதல் தரத்திலயே.”

“எல்லா நாளுமா?”

“பதினொரு தரமும். காக்காட வயல் அங்கதான், பக்கத்தில. அவரு ஆறு தரம் வயல் ஆக்களோட வந்தாரு. பள்ளிக்கூடக் காவலாளி சாமித்தம்பி அண்ணன் மூணு தரம். ரெண்டு தரம் நெல் லொறிக்காரன். ஸாலிஹா டீச்சர் ஒருக்கா திருப்பிப் பாத்தாங்க, கேக்கல்ல. நான் திருப்பினா கேக்காது. ஆம்பிளை திருப்பினா கேக்குது. ஊரெல்லாம் இப்ப அதுதான் கதை. ஆம்பிளைக் கைக்குத்தான் அசையுமாம். காருக்கே வெளங்குதாம், எனக்கு வெளங்குதில்லயாம்.”

அவள் குரல் நடுங்கியது. ஆனால் கண் காய்ந்துதான் கிடந்தது. “எனக்கு அழுக வரல்ல பாஸ். ஆத்திரம்தான் வருது.”

“அதுதான் நல்லது” என்றாள் முஸ்பிறா. “அழுதா வயர் தெரியா.”

பிறகு அவள் காருக்குள் புகுந்தாள். இருபது தரம் ஸ்டார்ட் பண்ணினாள். ரிலேக்களை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தாள், வயர்க் கட்டைப் பிடித்து உலுக்கினாள், பியூஸ் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாள். என்னை உட்காரவைத்துத் திருப்பச் சொன்னாள், றாஹிலாவை வைத்தும் திருப்பச் சொன்னாள். கார் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் ஓடியது.

“இது காரா, அரசியல்வாதியா?” என்றேன். “பாக்கிற நேரம் நல்ல பிள்ளையா இரிக்கி.”

முஸ்பிறா சாவியைக் கழற்றி வேலை மேசையில் போட்டாள். திரும்ப எடுத்தபோது, மேசையில் சிந்திக் கிடந்த சின்ன ஸ்குரூ ஒன்று சாவி வளையத்தோடு தொங்கிக்கொண்டு வந்து, பாதி வழியில் விழுந்தது. நான் அதை எடுத்து டப்பாவில் போட்டேன். முஸ்பிறா டப்பாவையும் பார்த்தாள், சாவியையும் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கள்ள நோட்டுக் கண்டுபிடித்த கண் எனக்கு, இருந்தும் கோட்டை விட்டேன்.

பிறகு கலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். நானும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மற்றக் கிழமை ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளடியாவது இருந்தது; ஒவ்வொரு மாதத்திலும் ஆறேழு நாள் மட்டும் சேர்ந்தாற்போல ஒரு புள்ளடியும் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. முதல் மாதத்தில் கடைசிப் பக்கம், அடுத்த மாதத்தில் கொஞ்சம் முன்னுக்கு, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் முன்னுக்கு.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

“பாஸ், கேஸ் முடிஞ்சி! குற்றவாளி ஸஹீத்!”

“எப்படி மாமா?”

“மாசத்தில ஒரு கிழமை அவரு வயலுக்குப் போகமாட்டாரு போல. அந்தக் கிழமை கார் நிக்காது. மத்த நாள்ல ஒளிஞ்சிரிந்து என்னமோ செஞ்சிட்டு, தானே வந்து ஹீரோ மாதிரித் திருப்புறாரு. சாவி அவருக்கு வேணும்தானே!”

“காக்கா அப்படிச் செய்யமாட்டாரு” என்றாள் றாஹிலா உடனே. “நெல் லொறிக்காரன் வந்த ரெண்டு நாளும் அவரு கொழும்பில. அண்டைக்கும் கார் நிண்டதுதானே.”

என் கேஸ் இரண்டு நிமிஷம்கூட உயிரோடு இருக்கவில்லை.

முஸ்பிறா என்னைப் பார்த்தாள். “மாமா, மூணு பிளேன்டீ வாங்கிட்டு வாங்க.”

“இப்பதானே குடிச்ச...”

“மறுபடி குடிக்கணும் போல இரிக்கி. மெதுவா வாங்க.”

கொண்டக்டருக்கு ஆளை இறக்குகிற நேரம் தெரியும். தன்னை இறக்குகிற நேரமும் தெரியும். போனேன். நான் பிளேன்டீயோடு வந்தபோது இரண்டு பேரும் கதையை நிறுத்திவிட்டார்கள். றாஹிலா காது வரைக்கும் சிவந்திருந்தாள். முஸ்பிறா கலண்டரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன கதைச்சீங்க?”

“பிளேன்டீக்குச் சீனி கூடிப் போச்சி மாமா” என்றாள் முஸ்பிறா. “எழும்புங்க, இறக்காமம் போவம்.”

*

அறுவடைக் காலம். வயல் ரோட்டில் பாதியை நெல் பிடித்திருந்தது. காயப் போட்டிருந்த நெல்லில் ஒரு மணி நசியாமல், எதிரே வந்த உழவு மிஷினுக்கும் இடம் விட்டு, றாஹிலா காரைக் கொண்டுபோன அழகைப் பார்க்கவேண்டும். நான் பின் சீட்டிலிருந்து, “என்ட சேர்விஸில இப்படி ஒரு டிரைவர் எனக்கு வாய்க்கல்லயே” என்றேன். மெய்யாகத்தான் சொன்னேன்.

“இதச் சொல்ல ஆளில்ல மாமா” என்றாள் அவள். “நிண்ட கதையச் சொல்லத்தான் ஆள் இரிக்கி.”

ஒன்றேகால் மணிக்குப் பள்ளிக்கூட மதிலோரம் வாகை மர நிழலில் கார் நின்றது. முஸ்பிறா எங்கள் இருவருக்கும் உத்தரவு போட்டாள்.

“றாஹிலா, ஒவ்வொரு நாளும் செய்யிற மாதிரியே எல்லாத்தையும் செய்யுங்க. நான் பாக்கிறன் எண்டு ஒண்டையும் மாத்தவேணாம். மாமா, நீங்க அந்தப் பாலத்தடிக்குப் போய் மறுபக்கம் திரும்பி இரிங்க.”

“நான் ஏன்? நான் என்ன குற்றம் செஞ்ச?”

“நீங்க ஆம்பிளை. நீங்க பக்கத்தில நிண்டா கார் ஸ்டார்ட் எடுத்திரும்.”

அறுபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த பெரிய புகழ்ச்சி அது. போய்ப் பாலக்கட்டில் உட்கார்ந்து வாய்க்கால் தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் வெள்ளையும் நீலமுமாகக் கொட்டினார்கள். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. செல்ஃப் சுத்துகிறது, சுத்துகிறது, சுத்துகிறது. என்ஜின் பிடிக்கவே இல்லை.

திரும்பிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஓடினேன்.

நாலு டீச்சர்மாரும் குடையோடு காரைச் சுற்றி நின்றார்கள். றாஹிலா சீட்டில் இருந்து மறுபடியும் மறுபடியும் திருப்பிக்கொண்டிருந்தாள். தொழுதுவிட்டு ஓடிவந்த கோலம். தொழுகைக்குப் போடுகிற நீளமான வெள்ளை மக்கனாவோடேயே இருந்தாள். காலையில் தலையைச் சுற்றிக் கட்டியிருந்த முந்தானைத் துணி மடித்துப் பக்கத்துச் சீட்டில் கிடந்தது. முஸ்பிறா ஜன்னலுக்குள் தலையை விட்டு உள்ளே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கவலையின் சாயலே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

“றாஹிலா, நாங்க இனி என்ன செய்யிற?” என்றார் ஸாலிஹா டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னார். “வேன்காரர் பின்னேரம் கோல் எடுப்பாரு. நான் என்ன சொல்லுற?”

“அஞ்சி நிமிஷம் தாங்க டீச்சர்” என்றாள் முஸ்பிறா.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஸஹீத். சாரனை மடித்துக் கட்டி, தலையில் துவாயோடு, வயலிலிருந்து நேரே வருகிறார். அவருக்குப் பின்னால் அறுவடைக்கு நின்ற நாலைந்து ஆட்களும் வேடிக்கை பார்க்க நடந்து வந்தார்கள். மோட்டார் சைக்கிளை என் பக்கத்தில் நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன கச்சி மாமா, இப்ப பொம்புளைகளுக்கு ஸ்பானர் தூக்கிறீங்களாம்?”

“பாரமில்ல தம்பி. உங்கட கதைதான் பாரம்.”

அவர் கேட்காதது போலக் காரை நோக்கிப் போனார். என் வாய் அதோடு நின்றது. கை நிற்கவில்லை. அந்தக் கை செய்த வேலை கடைசியில் தெரியவரும்.

“நான் சொன்னன்தானே தங்கச்சி?” ஸஹீத் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சி. இறங்கு. சாவியத் தா. இண்டையோட இந்தக் கூத்து முடியட்டும்.”

றாஹிலா இறங்கினாள். வெயில் காற்று மக்கனாவைத் தூக்கியது. அத்தனை ஆண்கள் நிற்கிறார்கள். ஒரு கையால் கழுத்தடியில் துணியைப் பொத்திக்கொண்டு, மறு கையை உள்ளே விட்டுத் தொங்கிக்கொண்டிருந்த சாவி வளையத்தைப் பிடித்தாள்.

முஸ்பிறா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம். அத எடுக்கவேணாம். இந்தாங்க, என்ட ஊசி.” தன் தோளிலிருந்த ஊசியைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். “சாவி இரிக்கிறபடி இரிக்கட்டும். ஸஹீத் காக்கா, நீங்க வாங்க. ஏறுங்க. ஆம்பிளைக் கையால ஒருக்காத் திருப்புங்க பாப்பம்.”

ஸஹீத் சிரித்தார். துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சின்னச் சீட்டுக்குள் முழங்காலை மடக்கி ஏறினார். கூட்டம் நெருங்கியது. அவர் திருப்பினார்.

செல்ஃப் சுத்தியது. என்ஜின் பிடிக்கவில்லை.

மறுபடி திருப்பினார். பிடிக்கவில்லை. பிஸ்மி சொல்லித் திருப்பினார். கால் மாற்றி உட்கார்ந்து திருப்பினார். வயல்காரரில் ஒருவர், “காக்கா, கைய மாத்திப் பாருங்க” என்றார். டீச்சர்மாரில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“கெட்டுப் போச்சி” என்றார் ஸஹீத். அவருக்கு வேர்த்துவிட்டது. “இப்ப முழுசாக் கெட்டுப் போச்சி.”

“கெடல்ல” என்றாள் முஸ்பிறா. “உங்களுக்கு முன்னால சாவி மாதிரி ஒரு சிவப்பு லைட் மின்னுது, தெரியுதா?”

“ஓம்.”

“கார் உங்களக் கள்ளன் எண்டு நினைக்கிது.”

முஸ்பிறா ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவி வளையத்தைத் தொட்டாள். அதில் சட்டைப் பொத்தான் அளவில், பொன் நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பிய்த்தாள். ஒன்று இரண்டாகப் பிரிந்தது. விட்டாள், ‘டிக்’ என்று திரும்ப ஒட்டிக்கொண்டது.

“காந்தம்” என்றாள். “முந்தானைக்குக் குத்துற காந்தம். ஒண்டு துணிக்கு மேல, ஒண்டு கீழ. டீச்சர், உங்கட கழுத்திலயும் இதுதானே?”

ஸாலிஹா டீச்சர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

“இந்தச் சாவிக்குள்ள அரிசி மணி அளவில ஒரு சிப் இரிக்கி. கார் அத வாசிச்சாத்தான் என்ஜின ஓட விடும். இவ்வளவு பெலத்த காந்தம் சாவியோட ஒட்டிக் கிடந்தா வாசிக்க ஏலா. வேற சாவி போட்டுக் களவெடுக்கிறாங்க எண்டு நினைச்சி என்ஜின நிப்பாட்டிரும். காலையில வளையத்தில ஸ்குரூ ஒட்டினதும் இது ஒட்டி ஒட்டி ஏறின காந்தத்தாலதான். றாஹிலா, தொழப் போக முந்தி இந்தக் காந்தத்த என்ன செய்வீங்க?”

“கழட்டுவன்... முகம், கை கழுவி ஒளு எடுக்கணுமே. கீழ வெச்சாத் துலைஞ்சி போகும். ரெண்டு சோடி துலைச்சிட்டன்.” அவள் பேச்சு மெதுவாக வந்தது. அவளுக்கே அப்போதுதான் முழுதாக விளங்குகிறது. “கையில சாவிதான் இரிக்கும். அதில ஒட்டிருவன்.”

“தொழுதிட்டு நேரமிரிந்தா முந்தானையக் கட்டிக் காந்தத்தத் திரும்பக் குத்திருவீங்க. அண்டைக்குக் கார் ஓடும். மணி அடிச்சிட்டா மக்கனாவோடயே ஓடி வருவீங்க. அண்டைக்குக் கார் நிக்கும். அதுதான் புள்ளடி.”

“அப்ப நாங்க வந்து திருப்பினா மட்டும் எப்படி ஓடினது?” சாமித்தம்பி அண்ணன் கேற்றடியிலிருந்து கேட்டார். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.

முஸ்பிறா அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஸஹீதைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“ஆம்பிளை ஒருத்தர் வாறாரு எண்டு கண்டா, உங்கட தங்கச்சி முதல் செய்யிற வேலை என்ன? சாவியில கிடக்கிற காந்தத்தப் பிய்ச்சி மக்கனாவக் கழுத்தில குத்திக்கிறது. இப்பவும் அதத்தான் செய்யப் போனாங்க, நான் பிடிச்சன். காந்தம் போனாச் சாவி சுகம். மறுகா நீங்க வந்து திருப்புவீங்க, பிடிக்கும். பதினொரு தரமும் காரை ஸ்டார்ட் பண்ணினது ஆம்பிளைக் கை இல்ல காக்கா. உங்களுக்கு அவ தந்த மரியாதை.”

ஸஹீத் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். தனக்குத் தெரியாததும் ஒன்று உண்டு என்பதை அவர் முகத்தில் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாகவும் இருந்தது.

எனக்கு இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. கலண்டரில் மாதாமாதம் வெள்ளையாகக் கிடந்த அந்த ஆறேழு நாள். பெண்களுக்குத் தொழுகை இல்லாத நாட்கள். தொழுகை இல்லாவிட்டால் ஒளு இல்லை, காந்தம் கழற்றுவதில்லை, கார் நிற்பதுமில்லை. பெட்டரி மாற்றிய பாஸ் அதைக் கேட்டிருக்கமாட்டார், அவரிடம் றாஹிலா சொல்லியிருக்கவும்மாட்டாள். என்னைப் பிளேன்டீக்கு அனுப்பிவிட்டு, அந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூடியவள் இந்தக் கரையில் ஒருத்திதான் இருக்கிறாள். மூன்று பெண்மக்களைப் பெற்ற நான் ஸஹீதைக் கள்ளனாக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். வெட்கமாகிவிட்டது. முஸ்பிறாவைப் பார்த்தேன். அவள் கலண்டரைச் சத்தமில்லாமல் தன் பைக்குள் செருகிக்கொண்டாள். அந்தக் கதை அந்த மரத்தடியில் யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

“காந்தம் நல்ல பெலம்” என்றார் ஸாலிஹா டீச்சர் அதை வாங்கிப் பார்த்து. “எங்க வாங்கின றாஹிலா?”

றாஹிலா சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

“காக்காதான் தந்தாரு. மூணு மாசத்துக்கு முந்தி மக்காவுக்கு உம்றா செய்யப் போய் வந்தாரே, அப்ப கொண்டந்த.”

“அல்லாஹ்வே!” என்று கத்தினேன் நான். “காலையிலயே சொன்னன்தானே பாஸ்! குற்றவாளி ஸஹீத்!”

வயல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸஹீத் காரிலிருந்து இறங்கினார். தோளில் கிடந்த துவாயால் முகத்தை அழுந்தத் துடைத்தார். அதோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்கு விட மனம் வரவில்லை.

“சரி, பழுது தெரிஞ்சி போச்சி. நல்லது. எண்டாலும் இந்த ரோட்டு, இந்த வெயில்... ஒரு ஆம்பிளை டிரைவர் இரிந்தா...” என்று சாவிக்குக் கையை நீட்டினார்.

றாஹிலா அவர் கைக்குச் சாவியைக் கொடுக்கவில்லை. சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். திருப்பினாள். அரைச் சுற்றுக்குக்கூடக் காத்திருக்காமல் என்ஜின் பிடித்தது. நிறுத்தினாள். மறுபடி திருப்பினாள். பிடித்தது. மூன்றாம் தரமும் நிறுத்தித் திருப்பினாள். கூட்டத்தில் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டு திருப்பினாள்.

“காக்கா” என்றாள். குரல் நடுங்கவில்லை. “பதினொரு தரம் இந்த மரத்துக்குக் கீழ தலையக் குனிஞ்சிக்கிட்டு நிண்டன். காருக்கு என்ன பழுது எண்டு நீங்க ஒருநாளும் கேக்கல்ல. எனக்கு என்ன பழுது எண்டுதான் கேட்டீங்க. நீங்க என்ட காக்கா, உங்கட மரியாதை எப்பவும் இரிக்கும். சாவி என்ட கையில இரிக்கும். இண்டைக்கும், நாளைக்கும். இப்ப கொஞ்சம் ஒதுங்குங்க, ரிவர்ஸ் எடுக்கணும்.”

அவர் ஒதுங்கினார்.

ஸாலிஹா டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். ஏறும்போதே போனை எடுத்தார். “ஹலோ, வேனா? நாங்க நாளைக்கு வரல்ல. ஓம், ஓம். நாளண்டைக்கும்தான்.” மற்ற மூன்று டீச்சர்மாரும் பின்னால் ஏறினார்கள். இடம் போதாது என்று முஸ்பிறாவும் நானும் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டு ரோட்டோரம் நின்றோம்.

கார் இருபது மீற்றர் போயிருக்கும். பின்னால் ‘டக், டக், டக்’ என்று சத்தம். ஸஹீத் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார். சாரனை இன்னும் உயர்த்திக் கட்டிக்கொண்டு உதைத்தார். வயல்காரர்கள் போகாமல் நின்று பார்த்தார்கள்.

கார் நின்றது. நெல்லில் ஒரு மணி நசியாமல் பின்னுக்கு வந்தது. றாஹிலா இறங்கி நடந்து வந்தாள். மக்கனாவில் முஸ்பிறாவின் ஊசி பளபளத்தது. அவள் என்ஜினைப் பார்க்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கைப்பிடியில் என்ஜினை நிறுத்துவதற்கென்று இருந்த சின்னச் சிவப்புச் சுவிட்சை ஒற்றை விரலால் தட்டினாள்.

“இப்ப உதைங்க.”

ஸஹீத் உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்தது.

“ஆர் இத நிப்பாட்டின?” என்றார் அவர் சுற்றிப் பார்த்து.

முஸ்பிறா என்னைப் பார்த்தாள். நான் காய்கிற நெல்லைப் பார்த்தேன். இந்த முறை விளைச்சல் நல்ல விளைச்சல்.

“தெரியா காக்கா” என்றாள் றாஹிலா, காருக்குத் திரும்பி நடந்துகொண்டே. “சில வண்டி அப்படித்தான். பொம்புளைக் கை பட்டாத்தான் அசையும்.”